பாத்ரூமை இடம் மாற்றிய பிறகு வரும் குழாய்க் கோளாறுகள்: மலைநாட்டு வீடுகளுக்கு

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) இருபது முப்பது அடி தள்ளி இருந்த கக்கூஸையும் குளிக்கிற இடத்தையும் வீட்டோடு சேர்த்துக் கட்டுகிற வேலை இப்போது இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எல்லாப் பக்கமும் நடக்கிறது. வயதான அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல காரியம் வேறு இல்லை. மழை இருட்டில், பாசி பிடித்த படியில், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் வாளியுமாக அவர்கள் இறங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சுவர் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, கதவும் போட்டு முடித்த பிறகுதான் தண்ணீர் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். அப்படி வருகிற கோளாறுகளை, வீட்டுக்காரர்கள் என்னிடம் சொல்கிற வார்த்தையிலேயே எடுத்து, எங்கே பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன்.

எதையும் உடைக்க முன்னால் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். லயமானாலும் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடானாலும், சரிவை வெட்டித்தான் தரை எடுத்திருப்பார்கள். பின்பக்கம் மண் மேடு, முன்பக்கம் பள்ளம். தண்ணீர் மேட்டிலிருந்து வருகிறது, கழிவு பள்ளத்துக்குப் போகிறது, வீடு நடுவில் நிற்கிறது. அதனால் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் இன்னொன்று. டெப்பில் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும், கொமோட்டில் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும். பாத்ரூமுக்குள் நின்றுகொண்டே அதைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் டைல்ஸ் உடைவதுதான் மிச்சம்.

இரண்டு அளவுகள் கையில் வேண்டும். ஒன்று, தண்ணீர்த் தொட்டி புது ஷவரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. மற்றது, கொமோட்டின் வாயிலிருந்து கழிவுக் குழி வரைக்கும் எவ்வளவு இறக்கம் இருக்கிறது. கண்மட்டத்துக்கு அளக்காதீர்கள், மலையில் கண் ஏமாற்றும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் நாற்பது அடி வாங்கி, துணிக்குப் போடுகிற நீலத்தில் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரை அதற்குள் விடுங்கள். ஒருவர் கொமோட் பக்கம், ஒருவர் குழிப் பக்கம், இரண்டு பேரும் ட்யூபின் வாயை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். நீலக் கோடு முதலில் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும், அது அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து அப்புறம்தான் பென்சில் கோடு போட வேண்டும். இரண்டு பக்கமும் கோட்டிலிருந்து கீழே அளந்தால் வருகிற வித்தியாசம்தான் இறக்கம். ட்யூபின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தால் கூட அளவு பிழைத்துவிடும், விரலால் தட்டித் தட்டி அதை வெளியே கொண்டுவந்துவிட்டு அளவுங்கள்.

டெப்பைத் திறந்தால் புஸ் என்று காற்று வருகிறது, கொஞ்சம் துப்புகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை

லைன் இழுத்த முதல் நாள் வருகிற முறைப்பாடு இது. பீலியிலிருந்தோ (மலைத் தண்ணீர் விழுகிற வாயிலிருந்தோ) ஊற்றுத் தொட்டியிலிருந்தோ வருகிற லைன் தேயிலைக்குள் ஏறி இறங்கித்தான் வரும். எங்காவது ஒரு திட்டில் குழாயின் முதுகு தூக்கிக்கொண்டு நின்றால், புது இணைப்புக்காக லைனை வெறுமையாக்கி மறுபடி தண்ணீர் விடும்போது காற்று அந்த முதுகில் மாட்டிக்கொள்ளும். தொட்டி நல்ல உயரத்தில் இருந்தால் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். உயரம் குறைவாக இருந்தால் இரண்டும் அப்படியே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டிலுள்ள எல்லா டெப்பையும் மூடிவிட்டு, ஆகத் தாழ்வாக இருக்கிற ஒன்றை மட்டும், பெரும்பாலும் முற்றத்து டெப், முழுதாகத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரிவரும். வரவில்லை என்றால் லைன் ஓரமாக நடந்து அந்தத் திட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கே குழாயை வெட்டி, ஒரு டீ (மூன்று வாய் உள்ள மூட்டு) போட்டு, மேலே பார்த்தபடி அரை அங்குல டெப் ஒன்றை வைத்துவிடுவதுதான் நிரந்தர வழி. லைன் காய்ந்து திரும்பத் தண்ணீர் வரும்போதெல்லாம் அதைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் வந்ததும் மூடினால் போதும். புது லைன் போடுகிறவர்கள் திட்டுக்கு மேலே போகாமல் ஓரமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் இந்த வேலையே இல்லை; இருபது அடி குழாய் கூடப் போகும், போகட்டும்.

சில வாரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் இந்தக் கோளாறு வந்தால் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் மட்டம் குழாய் வாய் வரைக்கும் இறங்கிவிட்டால் சுழித்துக்கொண்டு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவா பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம்.

தண்ணீர் வருகிறது, ஆனால் நூல் மாதிரி வருகிறது

ஊகம் வேண்டாம். 10 லீட்டர் வாளி ஒன்றையும் கையடக்கத் தொலைபேசியையும் எடுங்கள். பழைய டெப்பில் வாளி நிரம்ப எவ்வளவு நேரம், புது டெப்பில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மெதுவாக என்றால் கோளாறு மேலே, தொட்டியிலோ பொது லைனிலோ இருக்கிறது. தொட்டி வாயில் கட்டிய வலையை எடுத்துப் பாருங்கள், சருகும் தலைப்பிரட்டையும் சேற்றோடு அப்பியிருக்கும். பழையதில் ஒரு நிமிடம், புதியதில் மூன்று நிமிடம் என்றால் நீங்கள் புதிதாகப் போட்ட துண்டில்தான் பிழை.

அதில் நான் அடிக்கடி பார்ப்பவை மூன்று. ஹேக்சோ பிளேடால் வெட்டிய பிசிர் துடைக்கப்படாமல் போய் ஷவர் தலையிலும் டெப் வாயிலும் நிற்பது; இதற்குத் தலையைக் கழற்றித் தட்டினாலே போதும். கம்மை (குழாய் ஒட்டுகிற பசையை) அள்ளிப் பூசி அது உள்ளே வழிந்து வளையமாகக் கட்டிக்கொள்வது. அதற்கு அந்த மூட்டை வெட்டி எறிய வேண்டியதுதான். மூன்றாவது அரை அங்குலக் குழாயையே அறுபது எழுபது அடிக்கு இழுத்து, வழியில் ஆறேழு எல்போ (வளைவு மூட்டு) போடுவது. முக்கால் அங்குலக் குழாயில் அதே உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் வரும். பாத்ரூம் வாசல் வரைக்கும் முக்கால் அங்குலம், உள்ளே மட்டும் அரை அங்குலம் என்று போடுங்கள்.

கீழே ஓடையிலிருந்து மோட்டரால் இழுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மோட்டர் தண்ணீரை இழுப்பது காற்றழுத்தத்தின் பலத்தில்தான். கடற்கரையில் கணக்குப்படி 10.3 மீட்டர் வரை உறிஞ்சலாம், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 8 மீட்டர் சொச்சம்தான், நடைமுறையில் அதைவிடவும் குறைவு. கொழும்பில் வேலை செய்த மோட்டர் இங்கே இழுக்கவில்லை என்றால் மோட்டரைத் திட்டிப் பயனில்லை. வீட்டோரம் இருந்து எடுத்துத் தண்ணீருக்குப் பக்கத்தில், வெள்ளம் எட்டாத திட்டில் வையுங்கள். இழுப்பதில்தான் கஷ்டம், தள்ளுவதில் அது கெட்டி.

ராத்திரியில் டொக் டொக் என்று சத்தம், விடிந்து பார்த்தால் மூட்டு கழன்றிருக்கிறது

இது நேர் எதிரான வியாதி, அழுத்தம் கூடிப் போவது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. தொட்டி 60 மீட்டர் மேலே மலையில் இருந்தால் உங்கள் குழாயில் 6 பார். பகலில் எல்லா வீட்டிலும் டெப் ஓடுவதால் அது தெரியாது, இரவில் எல்லாரும் மூடிய பிறகு முழுப் பாரமும் குழாயில் உட்காரும். டைப் 600 என்று அச்சடித்த குழாய் தாங்குகிற எல்லையே 600 கிலோ பாஸ்கல், அதாவது அதே 6 பார். யாராவது ஒருவர் டெப்பைப் படாரென்று மூடினால் அந்த அடியில் மூட்டு போய்விடும். தண்ணீர் லைனுக்கு டைப் 1000 வாங்குங்கள், விலை பார்க்காதீர்கள்.

குழாயை மாற்றினாலும் சத்தம் நிற்காது, ஏனென்றால் டெப்பும் சிஸ்டர்ன் (கொமோட்டுக்குத் தண்ணீர் விடுகிற தொட்டி) வால்வும் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பாதி மலையில், வீட்டுக்கு மேலே 15 மீட்டர் உயரத்தில், மிதவை வால்வ் வைத்த 500 லீட்டர் தொட்டி ஒன்றை வையுங்கள். மேலே இருந்து வருகிற வேகம் அங்கே அறுந்துவிடும், வீட்டுக்கு ஒன்றரை பார்தான் வரும், குளிக்க அது தாராளம். ஐந்தாறு வீட்டுக்குப் பொதுவாகப் போட்டால் செலவும் பிரியும். சுவரோடு போகிற குழாயை மூன்று நான்கு அடிக்கு ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள், ஆடுகிற குழாய்தான் அடிக்கிறது.

பழைய இரும்புக் குழாயிலிருந்து பீ.வீ.சி.க்கு மாறுகிற மூட்டில் கசிவு என்றால், இரும்பின் வெளிப்புரிக்கு மேலே உள்ளே புரி உள்ள பிளாஸ்டிக் ஃபோசட் சொக்கெட்டை ஏற்றியிருப்பார்கள். இறுக்க இறுக்க அது விரிந்து வெடிக்கும். இரும்பு சொக்கெட்டுக்குள்ளே வெளியே புரி உள்ள பிளாஸ்டிக் வால்வ் சொக்கெட் போக வேண்டும், அப்படிப் போட்டால் இறுக்குவது பிடிமானமாகும். கம் பூசுகிற மூட்டுக்கு மலையில் எதிரி பனிமூட்டம். குழாயைத் துணியால் துடைத்து, கம் பூசி, கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடியுங்கள். குளிரில் கம் காய நேரம் எடுக்கும், ஒரு நாள் விட்டு மறுநாள் தண்ணீர் திறவுங்கள்.

ஹீட்டர் போட்டேன், தண்ணீர் சுடவே இல்லை

இரண்டு விதம் உண்டு. விளக்கே எரியவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை. இன்ஸ்டன்ட் ஹீட்டருக்குள்ளே தண்ணீரின் தள்ளலில் விழுகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று அதன் பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். 0.3 பார் என்று இருந்தால் ஷவர் தலைக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையில் குறைந்தது 3 மீட்டர் வேண்டும். கூரைக்கு மேலே நாலு அடி ஸ்டாண்டில் டேங்க் வைத்தவர்களுக்கு அது கிடைக்காது. டேங்கை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். இடம்தான் மலை நமக்குத் தருகிற வசதி.

விளக்கு எரிகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் ஹீட்டர் பழுதில்லை. 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 2 லீட்டர் தண்ணீரைத்தான் 25 பாகை கூட்டும். மலைத் தண்ணீர் வருகிறபோதே குளிர்ந்து வருகிறது, டெப்பை முழுதாகத் திறந்தால் அது சூடேற நேரமில்லாமல் ஓடிவிடும். குறைத்துத் திறவுங்கள். சூடான தண்ணீர் போகிற குழாய்க்குச் சாதாரண பீ.வீ.சி. போடவே கூடாது, 60 பாகையை நெருங்கினால் இளகித் தொங்கும், மூட்டு விடும். அதற்கென்று சீ.பீ.வீ.சி., பீ.பீ.ஆர். குழாய்கள் இருக்கின்றன. கரண்ட் வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் நான்கும் இல்லாமல் ஈரக் காலோடு அந்த ஷவருக்குக் கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள். பழைய லய வயரிங்கில் ஹீட்டரைக் கொழுவுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

தண்ணீர் ஊற்றினால் கொமோட்டில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இடம் மாற்றிய பாத்ரூம்களில் அதிகக் காசு இதில்தான் வீணாகிறது.

முதலாவது கேள்வி, பாத்ரூம் வீட்டுக்கு எந்தப் பக்கம்? பின்னால், மண் மேட்டுப் பக்கம் என்றால் கழிவு வீட்டைச் சுற்றித்தான் முன்னால் வர வேண்டும், அல்லது வீட்டுக்குக் கீழே நுழைந்து வர வேண்டும். இரண்டாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், காம்பராவுக்கு (அறைக்கு) அடியில் அடைத்தால் தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. தொங்கல் காம்பரா (லயத்தின் கடைசி அறை) பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருவதற்கு நாற்பது அடி குழாய் போகும். 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு இரண்டரை அங்குல இறக்கம் வேண்டும். 40 அடிக்கு 10 அங்குலம். சிஸ்டர்ன் இல்லாமல் வாளியில் ஊற்றுகிற வீட்டில் 10 அடிக்கு 4 அங்குலமாகக் கொடுங்கள், ஊற்றுகிற தண்ணீர் குறைவென்பதால். பின்பக்கத் தரை அந்த 10 அங்குலத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்றால் பாத்ரூம் தரையை உயர்த்துங்கள். ஒரு படி ஏறிப் போகிற பாத்ரூமில் தப்பில்லை, ஆனால் வயதானவர்களுக்குப் பிடித்து ஏற ஒரு கம்பி போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் மலைக்கே உரியது. சரிவு இருக்கிறதே, கழிவு தானாக ஓடிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரிவில் குழாய் அடைப்பதில்லை, உண்மைதான். சரிவு முடிகிற இடத்தில் அடைக்கும். செங்குத்தாகப் பத்தடி இறங்கி வந்த தண்ணீர், அடியில் குழாய் சட்டென்று மட்டமானதும் வேகம் செத்து நுரைத்துக்கொண்டு நிற்கும். அதில் வந்ததெல்லாம் அங்கேயே தங்கும். தலவாக்கலைப் பக்கம் எங்கள் அக்கா வீட்டில் இதே கதைதான். மூன்று முறை அடைத்தது, மூன்று முறையும் பாத்ரூம் பக்கமிருந்து பிரம்பு விட்டுக் குத்தியிருக்கிறார்கள், கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்தில் மறுபடி. நான் போனபோது அக்கா, "தம்பி, கொமோட்டையே கழட்டிட்டு வேற வாங்கிறலாமான்னு மாமா கேக்குறாரு" என்றது. கொமோட்டைத் தொடவே இல்லை. கட்டுக்கு (சரிவை வெட்டிய விளிம்புக்கு) அடியில், முன் முற்றத்தில் தோண்டிப் பார்த்தால் நேர் 90 பாகை எல்போ ஒன்று, அதைச் சுற்றி ஒரு வாளி கொங்கிரீட். எல்போவின் உள்வளைவில் சாம்பல் நிறத்தில், சவர்க்காரமும் கடதாசியும் இறுகி, கையால் பிய்க்க முடியாத ஒரு கட்டி. நடுவில் விரல் நுழைகிற ஓட்டை மட்டும் மீதி.

அந்த எல்போவை எடுத்துவிட்டு 45 பாகை எல்போ இரண்டை, நடுவில் ஒரு அடிக் குழாய் வைத்துப் போட்டேன். அதற்கு அடுத்தாற்போல், மூடி கழற்றக் கூடிய ஒரு துப்புரவு வாயும் வைத்தேன். மட்டமான பகுதிக்குப் பத்தடிக்கு இரண்டரை அங்குல இறக்கம் கொடுத்தேன். அதற்கப்புறம் அடைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மேலேயிருந்து குத்துவதை நிறுத்திவிட்டு, சரிவு முடிகிற இடத்தைத் தோண்டுங்கள். திருப்பத்தைக் கொங்கிரீட்டில் புதைக்கிற பாஸ்மாரை (மேசன்மாரை) அன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள், அவர்கள் பலத்துக்காகத்தான் செய்கிறார்கள், ஆனால் திறக்க வழி வேண்டும்.

தேயிலைக்கு நடுவில் போகிற குழாய் என்றால் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். முள்ளுக்குத்துகிற (தேயிலைக்கு மண்ணைக் கிளறுகிற) ஆளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே ஓடுகிற துண்டு வெயிலில் சில வருடத்தில் மொறுமொறுத்துப் போகும், தட்டினால் உடையும்.

க்ளக் க்ளக் என்று சத்தம், அப்புறம் நாற்றம்

கொமோட்டில் ஊற்றும்போது பேசினிலோ தரை ஓட்டையிலோ சத்தம் வந்தால் குழாய் காற்றுக்குத் தவிக்கிறது. விழுகிற தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வேறு வழி இல்லாததால் ட்ரெப்பில் (குழாயின் வளைந்த கழுத்தில்) நிற்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அந்த வழியாக வரும். அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான் குழியின் வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. செங்குத்தான இறக்கம் உள்ள நம் வீடுகளில் இந்த இழுப்பு பலமாக இருக்கும்.

கொமோட்டுக்குப் பின்னால், இறக்கம் தொடங்க முன்னால், ஒரு டீ போட்டு 2 அங்குலக் குழாயை நேரே கூரைத் தகரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். யன்னலுக்குப் பக்கத்தில் வாய் வைக்காதீர்கள். கூரையில் ஓட்டை போட மனம் வராமல் சுவரோடு நிறுத்துகிறவர்கள் உண்டு, பனி இறங்குகிற இரவில் நாற்றம் கீழேயே தங்கி வீட்டுக்குள் வந்துவிடும்.

சத்தம் இல்லை, நாற்றம் மட்டும் என்றால் முதலில் தரை ஓட்டையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ட்ரெப் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிற்கவில்லை என்றால் கீழே ட்ரெப்பே வைக்காமல் நேரே குழாயை மாட்டியிருக்கிறார்கள், இதை நான் புது வீடுகளில்கூடப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அப்பால், கழற்றிவிட்ட பழைய கக்கூஸின் குழாய் வாய் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்டு ஒட்ட வேண்டும். துணியை அடைத்துவிட்டு மறந்து போகிறார்கள்.

சுவரில் ஓதம் (ஈரம்) ஏறியிருக்கிறது, தரையில் எப்போதும் ஈரம்

மலையில் ஓதம் மூன்று வழியில் வரும். உங்கள் குழாயில் கசிவு, பின்பக்க மேட்டிலிருந்து இறங்குகிற மழைத் தண்ணீர், அல்லது குளிரில் சுவர் வேர்ப்பது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. படுக்கப் போகும்போது வீட்டு வால்வை மூடிவிட்டு, டேங்கின் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். டேங்குக்கு வருகிற தண்ணீரையும் நிறுத்துங்கள். காலையில் கோடு அப்படியே இருந்தால் அடுத்த இரவு வீட்டு வால்வை மட்டும் திறந்து வைத்து, டெப் எதையும் தொடாமல் மறுபடி பாருங்கள். இப்போது இறங்கியிருந்தால் கசிவு வீட்டுக்குள்ளே. சிஸ்டர்னில் சொட்டு நீலம் இரண்டு விட்டு ஒரு மணி நேரம் யாரும் போகாமல் இருந்து பாருங்கள். கொமோட்டில் நீலம் வந்தால் சிஸ்டர்ன் வாஷர் போயிருக்கிறது, சுவரை உடைக்கத் தேவையில்லை.

இரண்டு இரவும் கோடு அசையவில்லை, மழை நாளில் மட்டும் ஓதம் கூடுகிறது என்றால் குழாயில் குற்றமில்லை. பாத்ரூம் கட்டுவதற்காகப் பின்பக்கக் கானை (வடிகாலை) மூடிவிட்டீர்களா? பலர் அதைத்தான் செய்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் பின்னால் ஓடுகிற அந்தக் கான் சும்மா வெட்டியது அல்ல, மேட்டுத் தண்ணீர் சுவரில் முட்டாமல் சுற்றிப் போவதற்கு வெட்டியது. பாத்ரூமுக்குப் பின்னால் கானைத் திரும்ப எடுங்கள்.

மழை பெய்தால் குழி நிரம்பித் திரும்பி வருகிறது

வெயில் நாளில் சரியாக இருந்து, மேற்குப் பக்கத்தில் மே மாத மழையோடும், பதுளைப் பக்கத்தில் ஒக்டோபர் மழையோடும் இது தொடங்கினால், மண்ணே நிரம்பிவிட்டது என்று பொருள். உறிஞ்சும் குழிக்கு உறிஞ்ச இடமில்லை. முதலில் கூரைத் தண்ணீரும் கான் தண்ணீரும் குழிக்குள் போகிறதா என்று பார்த்து வெட்டிவிடுங்கள். குளிக்கிற தண்ணீரையும் துணி துவைக்கிற தண்ணீரையும் செப்டிக் டேங்குக்கு விடாமல் வேறாகக் கொண்டுபோங்கள். குழியில் சேர்கிற தண்ணீர் பெருமளவு குறைந்துவிடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் குழியின் இடமே பிழை. இங்கேதான் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது. உங்களுக்குக் கீழே இன்னொரு லயம் இருக்கிறது. பாத்ரூமை வீட்டோடு கொண்டுவரும்போது குழியையும் பக்கத்தில் கொண்டுவந்து, கட்டின் விளிம்பில் வெட்டிவிடுகிறோம். நமக்கு அது முற்றத்து ஓரம், கீழே இருப்பவர்களுக்கு அது தலைக்கு மேலே. ஒரு முறை வேலை முடித்து இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது கீழ் லயத்து அம்மா ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார். "மேல தண்ணி ஊத்துனா எங்க குசினிச் செவரு நனையுது தம்பி, வெறகு காய மாட்டேங்குது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன், சுவர் குளிர்ந்து வழுவழுத்திருந்தது. அந்தக் குழியை வீட்டுக்காரரே மூடச் சம்மதித்தார், பக்கவாட்டில் முப்பது அடி தள்ளி, கீழே வீடில்லாத பக்கம் புதிதாக வெட்டினோம்.

ஈரம் மட்டும் என்றால் பரவாயில்லை. மலைச் சரிவுக்குள்ளே ஓயாமல் தண்ணீர் இறங்கினால் மண்ணின் பாரம் கூடும், பிடி தளரும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மண் சரிந்து போனதை நாம் மறக்க முடியாது. அங்கே காரணம் பெருமழையும் மலையின் அமைப்பும். ஆனால் ஏற்கெனவே நனைந்திருக்கிற சரிவில் குழித் தண்ணீரையும் உடைந்த குழாய்த் தண்ணீரையும் நாமும் சேர்த்து விடக் கூடாது. குழிக்குக் கீழே மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இறுகிப் போகிற கதவு, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மழையும் சேர்ந்து பெய்தால் கீழே இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். அப்புறம் கிராம அலுவலரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

புதுக் குழிக்கு இடம் தேடும்போது பீலியும் கிணறும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அவற்றுக்கு மேலே எந்தத் தூரத்திலும் வெட்டாதீர்கள், பக்கவாட்டிலும் 60 அடிக்குக் குறையாமல் தள்ளிப் போங்கள். தோட்டத்துக் காணி என்றால் நிர்வாகத்துக்கும், எந்தக் காணியானாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் முதலிலேயே சொல்லுங்கள். குழி வெட்டிய கையோடு மூடாமல், அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். அரை நாள் ஆகியும் கோடு நகரவில்லை என்றால் அது களிமண். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். கல் அடுக்கி மூடிய பிறகு பார்க்க முடியாது.